உப்புக்காற்றில் ஓர் உள்ளாடை

கைப்பேசியைத் திறந்தால் உள்ளாடைப் பக்கங்களில் இப்போது ஒரே காட்சிதான். கம்பி இல்லாத பிராலெட், விளிம்பில் அகல லேஸ், தொப்புளைத் தொடும் பேண்டீஸ், தோல் தெரியும் வலைத்துணி. பார்க்க அழகுதான். அந்த பிராலெட்டைப் போட்டு, மேலே பிளவுஸும் புடவையும் கட்டி, சித்திரை வெயிலில் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடலூர் வரை நின்றுகொண்டே போனால், இறங்குவதற்குள் மார்புக்கு அடியில் எரிச்சல் எடுத்துவிடும். லேஸ் நைலான், உள் லைனிங் பாலியஸ்டர், அடிப்பட்டையில் ரப்பர் எலாஸ்டிக். மூன்றில் ஒன்றுகூட வியர்வையை ஒழுங்காக உறிஞ்சாது.

இந்தக் கரையில் உள்ளாடை வடிவமைக்க உட்காருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஈரக்காற்றை, மேலே போடும் பிளவுஸை, நம் தோலின் நிறத்தை. டிரெண்ட் அதற்குப் பிறகுதான். இந்த மூன்றிலும் தேறுகிற டிரெண்டுகள் இருக்கின்றன. தேறாதவை நிறைய இருக்கின்றன. தையல் தெரிந்தவர்களுக்கும், சின்னதாக பொட்டிக் நடத்துகிறவர்களுக்கும், ஃபேஷன் டிசைன் படிக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும்படி விவரமாகவே எழுதுகிறோம்.

அளவிலிருந்து தொடங்க வேண்டும். கடையில் “முப்பத்திநாலு குடுங்க” என்று வாங்குவதுதான் நம் பழக்கம். கப் அளவைச் சொல்லிக் கேட்பவரும் குறைவு, திருப்பிக் கேட்கும் கடைக்காரரும் குறைவு. 34 என்பது விலா எலும்பைச் சுற்றி உட்காரும் பட்டையின் எண். மார்பு எவ்வளவு பெரிது என்பதை அது சொல்லவே சொல்லாது. மார்புக்கு நேர் கீழே, மூச்சை வெளியே விட்டு, டேப்பை இறுக்கிப் பிடித்து அளந்தால் 73 முதல் 77 செ.மீ. வருகிறவருக்கு ஐரோப்பிய எண் 75. நம் கடைகளில் அதுவே 34. பிறகு மார்பின் உயர்ந்த இடத்தைச் சுற்றி, டேப் தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 12 முதல் 14 செ.மீ. வந்தால் ஏ கப், 14 முதல் 16 பி, 16 முதல் 18 சி, 18 முதல் 20 டி. பட்டை ஒரு எண் இறங்கினால் கப் ஒரு எழுத்து ஏற வேண்டும். 34பி, 32சி, 36ஏ மூன்றுக்கும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றே. கப் பற்றாமல் பிதுங்குகிறவர்கள் 36க்குப் போவதும், போன பிறகு முதுகுப் பட்டை மேலே ஏறுவதும் இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு குழப்பம். பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வரும் சித்தியோ அண்ணியோ வாங்கி வரும் பிராவில் 90பி என்று இருக்கும். பிரெஞ்சு எண் ஐரோப்பிய எண்ணைவிட 15 கூட. அதாவது 90பி என்பது நம் 34பியேதான். “எனக்கு ரொம்பப் பெரிசு” என்று பிரிக்காமலே பீரோவில் வைத்திருப்பவர்கள் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

துணி விஷயத்தில் “காட்டன் நல்லது” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்தக் காட்டன், எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. கப்புக்கு வெளியே திருப்பூர் சிங்கிள் ஜெர்சி என்ற பனியன் துணி, 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன் என்ற விரியும் இழை, எடை 160 முதல் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). உள்ளே மெல்லிய மல் துணி. முதுகுப் பட்டைக்குப் பருத்தி வேண்டாம், பவர் நெட் என்ற விரியும் நைலான் வலைத்துணிதான் சரி. அதன் கண்களில் காற்று புகும், இழுத்தால் திரும்பி வரும், பிளவுஸுக்கு அடியில் தடிப்பாகவும் தெரியாது. ஃபோம் வைத்த கப்பை இந்த ஊருக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஃபோம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடியில் போட்டால் இரண்டு நாளானாலும் உள்ளே ஈரம் இருக்கும், அப்புறம் நாற்றம். ஃபோம் கட்டாயம் வேண்டுமென்றால் கழற்றி எடுக்கிற பேட் வைக்க உள்ளே ஒரு பை தைத்துக்கொள்ளலாம். பேடைத் தனியாகப் பிழிந்து காயவைக்க முடியும்.

எலாஸ்டேனை 1958இல் டூபாண்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்தார். விரியும் துணி கைக்கு வருமுன் வடிவத்தைத் தந்தது வெட்டும் தையலும் மட்டும்தான். நம் அம்மாக்கள் போட்ட பாப்ளின் பாடியை எடுத்துப் பாருங்கள். கப் முழுக்க வட்ட வட்டமாகத் தையல் ஓடியிருக்கும். அது அலங்காரத்துக்குப் போட்டதில்லை. ஒவ்வொரு வட்டமும் இரண்டு அடுக்குத் துணியை இறுக்கிப் பிடித்து, மெல்லிய பாப்ளினைத் தானாக நிற்க வைக்கிறது. 1950களில் மேல்நாட்டுக் கூம்பு பிராக்களும் இதே வேலைப்பாடுதான். 1990இல் மடோனாவின் இசைப் பயணத்துக்கு ழான் போல் கோத்தியே அதை மேடை உடையாக்கிய பிறகு, வட்டத் தையல் அவ்வப்போது ஃபேஷனாகத் திரும்பி வருகிறது. இந்தக் கரையோரத்துக்கு இதைவிடப் பொருத்தமான டிரெண்ட் இல்லை என்பது எங்கள் கருத்து. ஃபோம் இல்லாமல், கம்பி இல்லாமல், வெறும் பருத்தியில் தாங்கல் கிடைக்கிறது. முனை கூராகத் தெரிவதுதான் பலருக்குப் பிடிக்காது. வட்டங்களை முனைக்கு 2 செ.மீ. முன்பாகவே நிறுத்திவிட்டால் உருண்டையாக வரும்.

இனித் தையல். கம்பியில்லாத, பின்கொக்கி வைத்த ஒரு பிராவை 34பி அளவுக்குச் சொல்கிறோம். ஜெர்சி 30 செ.மீ., மல் 30 செ.மீ., பவர் நெட் 25 செ.மீ. 10 அல்லது 12 மி.மீ. அகல பிளஷ் எலாஸ்டிக் (ஒரு பக்கம் மெத்தென்று இருப்பது) அடிப்பட்டைக்கு 75 செ.மீ. அக்குளுக்கும் கழுத்துக்கும் 6 முதல் 8 மி.மீ. எலாஸ்டிக் ஒன்றேகால் மீட்டர். தோள்பட்டைக்கு 12 மி.மீ. எலாஸ்டிக் 90 செ.மீ., வளையம் இரண்டு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர் இரண்டு. இரண்டு கொக்கி, மூன்று வரிசைக் கண் வைத்த பட்டை ஒரு ஜோடி. அதன் உயரம் 38 மி.மீ. டி கப்புக்கு மேல் என்றால் தோள்பட்டை 18 மி.மீ., கொக்கி மூன்று, உயரம் 57 மி.மீ.

பேட்டர்னுக்கு உடம்பில் நன்றாக உட்கார்கிற பழைய பிரா ஒன்று போதும். கம்பி இல்லாத, விரியாத துணிக் கப்பாக இருக்கட்டும். பிரித்துவிடாமல் ஒவ்வொரு துண்டையும் தெர்மகோல் அட்டைமேல் காகிதம் விரித்துக் குண்டூசியால் தையல் கோட்டின்மேல் குத்திக்கொண்டே போனால் காகிதத்தில் புள்ளிகள் விழும். புள்ளிகளை வளைவாக இணைத்து, சுற்றிலும் 6 மி.மீ. தையல் இடம் விட வேண்டும். மேல் கப்பும் கீழ் கப்பும் சேரும் இடத்தில் இரண்டு கோடுகளின் நீளமும் சமமா என்று டேப்பை விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். 2 மி.மீ. வித்தியாசமே அங்கே சுருக்கமாக வந்து நிற்கும்.

கீழ் கப்பின் மல் லைனிங்கை நேர் இழையில் வெட்டுங்கள், எடையைத் தாங்குவது அதுதான். மேல் கப்பின் லைனிங்கை 45 டிகிரி சாய்த்து வெட்டுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மார்பு சற்று வீங்கும். சாய்வில் வெட்டிய துணி அந்த அளவுக்கு இடம் கொடுக்கும். ஜெர்சியை மட்டும் நம்பி லைனிங் இல்லாமல் தைத்தால் காலையில் கச்சிதமாக இருப்பது மாலையில் தொய்ந்திருக்கும்.

முதுகுப் பட்டைக் கணக்கில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். உடம்பின் அளவு 75 செ.மீ. கப்புகளைத் தாங்கும் முன்பக்கச் சட்டம் விரியாதது, அதன் அடி நீளம் 31 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மீதி 44. கொக்கிப் பட்டைக்கு 4 கழித்தால் 40. பவர் நெட் விரிந்து உடம்பைப் பிடிக்க வேண்டும், ஆகவே அதில் 82 சதவீதம், ஏறக்குறைய 33. ஒரு பக்கத்துக்கு 16.5 செ.மீ. இந்த 16.5 நீளத் துணியில் 15 செ.மீ. எலாஸ்டிக்கை இழுத்துப் பொருத்த வேண்டும். முன்சட்டத்துக்குக் கீழே மட்டும் எலாஸ்டிக்கை இழுக்கவே கூடாது, 31க்கு 31. அங்கே இழுத்தால் சட்டம் சுருண்டு மடங்கி, மார்பு மடிப்புக்குள் போய்க் குத்தும். நெட்டை வெட்டும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து எந்தத் திசையில் அதிகம் விரிகிறதோ அது முதுகைச் சுற்றிப் போகும்படி வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் கொக்கி எட்டாது.

எலாஸ்டிக் தையல் இரண்டு ஓட்டம். முதலில் துணியின் வெளிப்பக்கத்தில் எலாஸ்டிக்கை வைக்க வேண்டும். பஞ்சு போன்ற மெத்தைப் பக்கம் நம்மைப் பார்க்கட்டும், சின்னச் சின்ன வளைவுகள் உள்ள பூ விளிம்பு ஆடையின் உள் நோக்கி இருக்கட்டும். பூ விளிம்பை ஒட்டி ஜிக்ஜாக், அகலம் 3, நீளம் 2.5. பிறகு உள்ளே மடித்தால் மெத்தைப் பக்கம் தோலைத் தொடும். வெளியிலிருந்து இரண்டாவது ஜிக்ஜாக். வீட்டு மெஷின் நேர்தையல் மட்டும் போடுவதாக இருந்தால், அதில் எலாஸ்டிக் தைக்க முயலாதீர்கள். முதல் முறை போடும்போதே நூல் படபடவென்று அறுந்துவிடும். புடவைக்கு ஓரம் அடிக்கும் பீக்கோ கடைக்குக் கொண்டுபோனால் வேலை முடியும். அந்த மெஷின் அடிப்பதும் ஜிக்ஜாக்தான், புடவைக்காக நெருக்கி வைத்திருப்பார்கள். “தையலைத் தள்ளித் தள்ளி வையுங்கண்ணா, அகலத்தைக் கூட்டுங்க” என்று சொல்லி முதலில் ஒரு துண்டு எலாஸ்டிக்கில் அடித்து, இழுத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும். ஊசி 11 நம்பர் ஸ்ட்ரெச் ஊசியாக இருக்கட்டும். சாதாரண ஊசி எலாஸ்டேன் இழையில் தையல் விட்டுவிட்டுப் போகும்.

போட்டுப் பார்க்கும்போது உடம்பே சொல்லிவிடும். நடுச்சட்டம் நெஞ்செலும்பில் ஒட்டாமல் தூக்கி நின்றால் கப் சிறிது. மேல் கப்பில் சுருக்கம் விழுந்தால் அங்கே 3 முதல் 5 மி.மீ. பிடிக்க வேண்டும். முதுகுப் பட்டை மேலே ஏறினால் பட்டை தளர்வு. தோள்பட்டையை இறுக்கிச் சரிசெய்யப் பார்த்தால் இன்னும் ஏறும், தோளில் பள்ளமும் விழும். தோள்பட்டை நழுவினால் பின்பக்கம் அது பட்டையில் சேரும் இடத்தை முதுகுத்தண்டை நோக்கி ஒன்றரை செ.மீ. நகர்த்த வேண்டும். தைத்த புதிதில் கொக்கி கடைசிக் கண்ணில், அதாவது மிகத் தளர்ந்த வரிசையில் மாட்டும்போதே பிடிப்பாக இருக்க வேண்டும். உள்வரிசைகள் எலாஸ்டிக் தளர்ந்த பிறகு பயன்படுத்துவதற்கு.

நிறத்துக்கு வருவோம். கடைகளில் “ஸ்கின் கலர்” என்று எடுத்துக் காட்டுவது வெளிர் இளஞ்சிவப்பு. இந்த ஊரில் எத்தனை பேருக்கு அந்தத் தோல்? 2014இல் லண்டனில் அடே ஹசன் தொடங்கிய நூபியன் ஸ்கின் கறுத்த, பழுப்புத் தோல்களுக்கென்றே உள்ளாடை நிறங்களைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்களும் பழுப்பு வரிசை போடத் தொடங்கின. உள்ளாடை உலகில் நடந்த மாற்றங்களில் நாம் இருகை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். வெள்ளை பிளவுஸுக்கு அடியில் வெள்ளை பிரா பளிச்சென்று தெரியும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் தேநீர்ப் பழுப்பு, கருப்பட்டி நிறம், சில சமயம் அடர்ந்த மெரூன்கூடத் தோலோடு மறைந்துவிடும்.

கடையில் கிடைக்காவிட்டால் சாயம் போடலாம், இழை எதுவென்று தெரிந்திருந்தால். நைலான் லேஸ், நெட், எலாஸ்டிக் மூன்றுக்கும் ஆசிட் டை. பொருள் 50 கிராம் என்றால் சாயம் அரை கிராம். ஆழமான நிறத்துக்கு ஒரு கிராம். லிட்டருக்கு மூன்று ஸ்பூன் வெள்ளை வினிகர், 80 டிகிரிக்குள் அரை மணி நேரம், கைவிடாமல் கிளற வேண்டும். கொதிக்கவிட்டால் எலாஸ்டேன் செத்துவிடும். சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்கக் கூடாது, சாயத்துக்கென்று ஒரு எவர்சில்வர் பாத்திரம் ஒதுக்குங்கள். பருத்தி ஜெர்சிக்கு இந்தச் சாயம் பிடிக்காது, ரியாக்டிவ் டையும் சோடா ஆஷும் வேண்டும். பாலியஸ்டர் இரண்டிலும் நிறம் ஏறாது. கொக்கிப் பட்டையும் தையல் நூலும் வெள்ளையாகவே நின்று வேலையைக் கெடுப்பது அதனால்தான். அவற்றை மட்டும் பழுப்பு நிறத்திலேயே தேடி வாங்க வேண்டும்.

அலங்காரத்துக்கு எங்கே பார்ப்பது? புதுச்சேரி என்றதும் பிரெஞ்சுத் தெருவின் இரும்புக் கிராதியையும் காகிதப்பூவையும் வரைந்து வருகிறார்கள். துணியில் அச்சிட்டால் சுற்றுலா அட்டை வாங்கிய மாதிரிதான் இருக்கிறது. ஆழமாகப் போகக்கூடியது ரோமன் ரோலண்ட் வீதியில் க்ளூனி சபைக் கன்னியர் நடத்தும் எம்ப்ராய்டரி மையத்தில் பெண்கள் கையால் போடும் வேலை. துணிமேல் நூல் தடித்து நிற்காத, தட்டையான, துணி நிறத்திலேயே அமையும் தையல் உள்ளாடைக்குச் சரியாகப் பொருந்தும். நம் பாட்டிமார்கள் பாவாடை விளிம்புக்கும் ரவிக்கைக்கும் வாங்கிய ஹக்கோபாவும் அப்படித்தான். துளையைச் சுற்றிய தையல், அதன் வழியே காற்று. நைலான் லேஸுக்குப் பதில் ஹக்கோபா ஓரத்தை மேல் கப்பில் வைத்துப் பாருங்கள், மே மாதத்தில் வித்தியாசம் தெரியும். ஹக்கோபா விரியாது, ஆகையால் அலை விளிம்பு கழுத்துப் பக்கம் நேராக வரும்படி வைத்து, வளைவை முழுக்கக் கீழ் கப்பின் தையலுக்குத் தள்ளிவிட வேண்டும்.

கையால் பூ போடுவதென்றால் வெட்டுவதற்கு முன், துணியைச் சட்டத்தில் மாட்டியிருக்கும்போதே போட வேண்டும். தையல் கோட்டிலிருந்து 15 மி.மீ. தள்ளியே நிற்க வேண்டும். முடிச்சுத் தையல், மணி, ஜமிக்கி எதுவும் வேண்டாம், பிளவுஸின் உள்பக்கத்தில் உரசிப் பிசிறு கிளப்பும். சிக்குக் கோலத்தின் வளைகோடு கப்பின் நடுத்தையலோடு சேர்ந்து ஓடுவது மிக அழகாக வரும். புள்ளிக் கோலம் அப்படி வராது. துணி உருண்டையாகும்போது புள்ளி வரிசை கோணலாகிவிடும்.

சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பெருமாளின் இருபுறமும் நிற்கும் தேவியரில் ஸ்ரீதேவிக்கு மார்பில் கச்சு உண்டு, பூதேவிக்கு இல்லை; இருவரையும் பிரித்து அறிய அதுவே அடையாளம். அந்தக் கச்சு குறுகலான பட்டை, அலங்காரம் விளிம்போடு நிற்கிறது. இப்போது லாங்லைன் என்று வரும் அகலப் பட்டை பிராவுக்கு இந்த விகிதம் அருமையாகப் பொருந்தும்: நடுவில் வெறும் துணி, கரையில் மட்டும் வேலை. எடுத்துக்கொள்வது கோட்டையும் விகிதத்தையும் மட்டும்தான். தெய்வ உருவத்தை உள்ளாடையில் கொண்டுவரவே கூடாது. 2011இல் ஆஸ்திரேலிய ஃபேஷன் வாரத்தில் நீச்சலுடையில் லட்சுமி படம் வந்து இங்கே போராட்டம் வரை போனது. மனம் புண்பட்டவர்கள் பக்கம்தான் நியாயம்.

இந்த ஊரின் அவுரி நீலத்தையும் பலர் ஆசையோடு கேட்கிறார்கள். புதுச்சேரியில் நீலம் தோய்த்த, கினே என்ற பருத்தித் துணி ஒரு காலத்தில் கப்பலேறி செனகல் வரை போனது, பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆனால் அவுரி இழையின்மேல் படிகிற சாயம், இழையோடு பிணைவதில்லை. வியர்வையும் உரசலும் சேர்ந்தால் தோலிலும் வெளிர் பிளவுஸிலும் ஒட்டும். அவுரியை இரவு உடைகளுக்கும் ஸ்லிப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள், பிராவுக்கு வேண்டாம்.

கடலூர், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கல்யாண பிளவுஸ் தைக்கிறவர்களிடம் இப்போது எல்லோரும் கேட்பது பேட் வைத்த பிளவுஸ். முதுகு ஆழமாக இறங்குவதால் பிரா போட முடியாது. பேடை பிளவுஸிலேயே வைத்துத் தைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தவறுவது பேடின் இடம். தோள் தையலிலிருந்து மார்பு முனை வரை உள்ள நீளத்தையும், இரண்டு முனைகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் பிரா போட்ட நிலையில் அளந்து தைக்கிறார்கள். பிரா இல்லாமல் போடும்போது முனை கீழே இறங்கும், பேட் மேலே நிற்கும். பிரா இல்லாமலே அளக்கச் சொல்லுங்கள். பேடின் நடு மார்பு முனையில் விழ வேண்டும். பேடுக்குக் கீழே, பிளவுஸின் உள்ளே, 2.5 செ.மீ. அகல எலாஸ்டிக் பட்டை ஒன்றை விலாவைச் சுற்றி வைத்து முன்கொக்கியோடு மாட்டும்படி செய்தால்தான் தாங்கல் கிடைக்கும். பட்டை இல்லாத பேட் பருமனை மட்டும் கூட்டும். ஆரி வேலை பேடின்மேல் வருவதானால், வேலை முடிந்து, துணி சட்டத்திலிருந்து இறங்கிய பிறகுதான் பேடைத் தைக்க வேண்டும்.

கடைசியாக, உப்புக்காற்று. கடலை ஒட்டிய வீடுகளில் கொக்கி துருப்பிடித்து வெள்ளைத் துணியில் கறை வைப்பது சகஜம். வாங்கும்போதே ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். இறுக்கமாக ஒட்டினால் பெரும்பாலும் உள்ளே இரும்பு. நைலான் பூச்சு உரியாமல் முழுதாக இருந்தால் வாங்கலாம், முனையில் உரிந்திருந்தால் வேண்டாம். வளையமும் ஸ்லைடரும் நைலானிலேயே எடுத்துவிடலாம். எலாஸ்டிக்கை 10 செ.மீ. அளந்து 20க்கு இழுத்து விட்டால் மறுபடி 10க்கே வந்து நிற்க வேண்டும். பிளீச் போட்ட தண்ணீரில் ஊறவைப்பதும், உச்சி வெயிலில் தோள்பட்டையைப் பிடித்துத் தொங்கவிடுவதும் எலாஸ்டேனைக் கொல்லும். நிழலில், நடுச்சட்டம் கொடிமேல் வரும்படி மடித்துப் போட வேண்டும். கப் நன்றாக இருந்து அடிப்பட்டை மட்டும் தளர்ந்திருந்தால் பிராவைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு ஜிக்ஜாக் தையலையும் பிரித்து, பழைய எலாஸ்டிக்கை உருவிவிட்டு, முன்னே சொன்ன கணக்கில் புதிய எலாஸ்டிக் 61 செ.மீ. வைத்து பீக்கோ கடையில் கொடுத்தால் அதே பிரா இன்னும் பல மாதம் உழைக்கும். பிரிக்கும்போது பிளேடு வேண்டாம், பவர் நெட்டில் ஒரு கண் அறுந்தாலும் ஓட்டை அங்கிருந்து ஓடும். தையல் பிரிக்கும் முள்ளை வைத்து மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்து, மறுபக்க நூலை இழுத்தால் முழுதாக வந்துவிடும்.